திமிங்கலப் புத்தகம்

ஆப்பிரிக்கப் பள்ளி ஒன்றுக்கு அனுப்ப, எங்கள் அபார்ட்மெண்டில் சேர்ந்த பழைய புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். வழுவழுத் தாளின் வாசனை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது.

சோமனூரில் நான் ஆறாவது படித்தபோது, வெளிநாட்டிலிருந்து எங்கள் பள்ளிக்கும் இதே வாசனையோடு ஒரு பெட்டி வந்தது. எங்களைப் புத்தகத்தோடு நிறுத்திப் போட்டோ பிடித்ததும், டீச்சர் எல்லாவற்றையும் பீரோவில் பூட்டிச் சாவியை லீடரான என்னிடம் கொடுத்தார்.

"அழுக்குப் படாம பாத்துக்க கண்ணு."

என்னோடு படித்த செல்வி, காலையில் வீட்டுத் தறிக்கு எண்ணெய் விட்டுவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள். திமிங்கலப் படம் போட்ட புத்தகத்தை ஒரே ஒரு தடவை பார்க்கக் கேட்டாள்.

"கையக் கழுவிட்டு வா."

கழுவிவிட்டு வந்தாள். நகக்கண்ணில் கறுப்பு இருந்தது. திருப்பி அனுப்பினேன். மூன்றாம் தடவை மண்ணைப் போட்டுத் தேய்த்து, விரலெல்லாம் சிவக்க வந்து நீட்டினாள்.

"இப்பப் பாரு புள்ள."

"போகலையே" என்றேன். போயிருந்தது. எனக்குத்தான் திமிர்.

"சரி, நீயே வெச்சுக் கும்புட்டுக்க" என்று போனவள் அப்புறம் கேட்கவேயில்லை.

செல்வி இன்னும் சோமனூரில்தான் இருக்கிறாள். ஆப்பிரிக்காவுக்குப் பெட்டி அனுப்புகிறேன். ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய் அவள் முகத்தைப் பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை.