மர்டினாவுக்கு நாள் தெரியாது

முப்பத்தெட்டு வருடம் மர்டினா மெக்காஸ்கிலும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். சபைக்கூடத்தில் இராப்போஜனத்துக்குப் போகாதவர்களுக்கான பின்வரிசை அது. கடல் தாண்டி வந்து கிளாரன்ஸ் ஆற்றங்கரையில் கரும்பு போட்டுப் பிழைக்கும் எங்கள் ஸ்காட்லாந்துக்காரர்களில் பாதிப் பேர் அப்படித்தான். ஒரு ஆராதனை தவறமாட்டோம். ஓய்வுநாளில் வேலை கூடாதென்று, ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டிய உருளைக்கிழங்கைச் சனிக்கிழமையே தோல் சீவி வைத்துவிடுவோம். ஆண்டவருடைய பந்தியில் ரொட்டியும் திராட்சரசமும் வாங்க மட்டும் போகமாட்டோம். இரட்சிக்கப்பட்டோம் என்ற நிச்சயம் இல்லாமல் அந்த ரொட்டியைத் தொட்டால் ஆக்கினை வருமே என்று பயம்.

மர்டினாவின் புருஷன் நீலுக்கு அந்த நிச்சயம் கிடைத்துவிட்டது. கல்யாணமாகி மூன்றாம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை, பால் கறந்துகொண்டிருந்தபோது. பந்திக்குப் போகிற எல்லாரிடமும் இப்படி ஒரு நாள் இருக்கும், கேட்டால் இடத்தோடு சொல்வார்கள். நீல் எழுந்து போய் வெள்ளைத்துணி விரித்த நீள மேசையில் உட்காருவான். இவள் பின்னாலிருந்து அவன் பிடரியையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அவர் பரலோகம் போயிடுவார்டி மோராக். நான் எங்க போவேன்னுதான் தெரியல" என்றாள் ஒருமுறை.

"எங்க போனாலும் நானும் அங்கதான இருப்பேன், பேச்சுத்துணைக்கு ஆச்சு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்தான்.

நீல் இருந்த காலத்தில் ஒரே ஒருதரம் துணிந்து கேட்கப் போனாள். பந்திக்கு முந்தின சனிக்கிழமை, தகுதியானவர்களுக்கு மூப்பர்கள் ஒரு ஈய வில்லை கொடுப்பார்கள். அது இல்லாமல் மேசையில் இடமில்லை. மூப்பர் ஃபின்லே கில்லீஸ், "எந்த நாள்ல மனசு மாறிச்சும்மா?" என்று கேட்டார். இவளுக்குச் சொல்ல ஒரு நாளும் இல்லை. "சரி, அந்த நாள் வரட்டும். காத்திரு" என்று அனுப்பிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை, அவரையும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். பாவி மகள் அன்றிலிருந்து காத்திருந்தாள். பிள்ளைகுட்டியும் இல்லை. மாட்டுக்கொட்டகையில் ஜெபம், கரும்புக் கொல்லையில் ஜெபம். எத்தனையோ செவ்வாய்க்கிழமை வந்து போனது.

பெருவெள்ளம் வந்த வருடம் நீல் செத்தான். அதன்பிறகு காலையில் படகுக்காரனிடம் பாலேட்டுக் கேனைக் கொடுத்துவிட்டு, படகு போனபின்னும் துறையிலேயே நிற்பாள். நான் போய்க் கூப்பிட்டால்தான் வீட்டுக்குத் திரும்புவாள்.

அந்தச் சமயத்தில்தான் ஃபின்லேயின் மனைவி எஃபி படுக்கையில் விழுந்தாள். நாற்பது வருடம் பந்தியில் உட்கார்ந்தவள். மர்டினா அவளைக் குளிப்பாட்டிப் பார்த்துக்கொண்டாள், நான் அடுப்படியைப் பார்த்துக்கொண்டேன். ஒரு மத்தியானம் எஃபியின் குரல் எனக்கும் கேட்டது.

"மாவு பிசையும்போது வந்துச்சுன்னு சொன்னேனே, அந்த நாள் பொய், மர்டினா. ஒண்ணும் வரல. எல்லாரும் சொன்னாங்கன்னு நானும் சொல்லிட்டேன். ஆண்டவர் இப்ப என்னைய வெளிய தள்ளிருவாரா?"

"ஏன் தள்றாரு? வர்றவங்களத் தள்ளமாட்டேன்னு அவர் வாயாலயே சொல்லலையா? சிலுவைல பக்கத்துல தொங்குன திருடன்கிட்ட நாளா கேட்டாரு? உனக்காக அவர் செத்தாரு எஃபி. அது போதும். அவரப் பிடிச்சுக்கோ."

எஃபி அழுது ஓய்ந்து தூங்கிப்போனாள். மர்டினா அடுப்படிக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். "அவளுக்குச் சொன்னது எனக்கும்தானடி" என்றாள். கண்ணீர் வழிந்தது, அவள் துடைக்கவில்லை. நான் பார்லிக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே இருந்தேன்.

எஃபியை அடக்கம் செய்து ஒரு மாதம் கழித்துப் பந்தி வந்தது. எஃபி சொன்னதை நாங்கள் வெளியே விடவில்லை. சனிக்கிழமை மர்டினா மூப்பர்கள் முன்னால் போய் நின்றாள். நான் வாசலில் காத்திருந்தேன். ஃபின்லே அதே கேள்வியைத்தான் கேட்டாராம்.

"நாள் தெரியாது ஃபின்லே. எனக்காகச் செத்த ஆளைத் தெரியும்" என்றாளாம் இவள். அவர் எழுந்து வந்து வில்லையை அவள் உள்ளங்கையில் வைத்தாராம்.

மறுநாள் அவள் எழுந்து முன்னால் போனாள். அவளுக்கு இது கிடைக்கவேண்டும் என்று எத்தனை வருடம் ஆசைப்பட்டேன். கிடைத்தபோது எனக்கு வயிறு எரிந்தது. சொல்ல என்ன வெட்கம், தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டாளே என்று ஆத்திரம். அவள் ரொட்டியை இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டாள்.

"அடுத்த பந்திக்கு நீயும் வாடி" என்றாள் வெளியே வந்து.

"பாக்கலாம்" என்றேன்.

அடுத்து வந்த மூன்று பந்திக்கும் கூப்பிட்டாள். மூன்று தரமும் பார்க்கலாம் என்றேன். நாலாவதற்கு அவள் இல்லை. சாகும்போது பக்கத்தில் நான்தான் இருந்தேன், அவள் முகத்தில் பயமே இல்லை.

இப்போது அந்தப் பெஞ்சில் நான் ஒருத்திதான். அவள் எஃபிக்குச் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது, எல்லாம் புரியவும் செய்கிறது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை.