பாறையில் முளைத்த அத்தி மரங்கள்

கல்லூரிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடை என்னுடையது. பிள்ளைகளின் ஆராய்ச்சியெல்லாம் என் கையால்தான் பைண்டிங் ஆகும்; ஒன்றைக்கூட நான் படித்ததில்லை. என் மனைவி படித்தாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை முடிந்ததும் கடைக்கு வந்து, பைண்டிங்குக்கு வந்த தாள்களைப் புரட்டிக்கொண்டிருப்பாள். தவளை எதற்கு மரமேறுகிறது, வௌவால் எவ்வளவு தூரம் பறக்கும் என்று சாப்பிடும்போது என்னைக் கேட்பாள். எனக்கென்ன தெரியும்? நாற்பதை நெருங்கும் வயதில் வேலையை விட்டுவிட்டுச் சூழலியல் முதுகலையில் சேருவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றபோது, அக்கம்பக்கத்தார் என்னைத்தான் பாவமாகப் பார்த்தார்கள். வகுப்பில் எல்லோருக்கும் அவள் அக்கா. பேராசிரியரே ஒருதடவை வாய்தவறி அக்கா என்றாராம்.

மலையடிவாரத்து மழைக்காட்டில் அத்தி மரங்கள் எங்கெங்கே நிற்கின்றன என்று கண்டுபிடிப்பது அவளுக்குக் கிடைத்த வேலை. ஒவ்வொரு மரத்தின் இடத்தையும் கையடக்கமான ஜிபிஎஸ் கருவியில் பதிந்து, அந்தப் புள்ளிகளைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் ஏற்ற வேண்டும். கருவிக்கு வானம் தெரியாவிட்டால் முரண்டு பிடிக்கும். இலை அடர்ந்த இடத்தில், நாற்பது மீட்டர்வரை பிசகலாம் என்று காட்டும். ஐந்து மீட்டருக்குமேல் பிசகு காட்டினால் பதியவே கூடாது என்பது பேராசிரியரின் கண்டிப்பு. அதனால் மாணவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மரத்தைப் பார்த்ததும் பக்கத்தில் இருக்கும் திறந்தவெளிக்கு ஓடி, கருவியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, எண் இறங்கியதும் பொத்தானை அழுத்துவார்கள். ஒவ்வொரு வருடமும் மூத்த மாணவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தது இது. என் மனைவியும் சமர்த்தாகச் செய்தாள்.

முடிவு பிரமாதமாக வந்தது. அத்தி மரங்கள் காட்டின் திறந்தவெளிகளைச் சுற்றியே வளர்கின்றன! முந்தைய மாணவர்களின் வரைபடங்களும் அதையே சொன்னதால் பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய மாநாட்டில் பேசப் போகிறேன் என்றார். அந்த வருடம் இருந்த ஒரே முனைவர் பட்ட இடம் அவளுக்குத்தான் என்று பட்டும் படாமலும் சொல்லிவைத்தார். அந்த இடத்துக்காகத்தான் அவள் இவ்வளவு பாடும் பட்டது. அன்றைக்கு வீட்டில் குழம்பு தீய்ந்துபோனதை நான் பெரிதுபடுத்தவில்லை.

மாநாட்டுக்கு வரைபடத்தைக் கதவளவு அச்சடிக்கும் வேலை என்னிடம் வந்தது. எந்திரத்திலிருந்து தாள் அங்குலம் அங்குலமாக இறங்க, அவள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மடிக்கணினியில் பொடிப்பொடியாகத் தெரிந்த இடமெல்லாம் இப்போது கண்ணுக்கு நேரே விரிந்தது. திடீரென்று குனிந்து ஓரிடத்தில் விரலை வைத்தாள். காட்டு நடுவே வெளுத்துக் கிடந்த ஒரு பாறை. அதன்மேல் கொத்தாக அத்திப் புள்ளிகள்.

"இந்தப் பாறையில உக்காந்துதான் நாங்க சாப்பிடுவோம். இங்க ஒரு புல்லுகூட கிடையாது" என்றாள்.

புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கினால் பாறை மறைந்துவிடுமே என்று நான் யோசனை சொன்னேன். வியாபாரி புத்தி. அவள் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் வரைபடத்தை வாங்கிப்போக வந்த பேராசிரியரிடம் பாறையைக் காட்டினாள். பிசகு ஐந்து மீட்டருக்குள்தானே என்றார் அவர். பிசகு சரிதான், ஆனால் அது கருவியோடு தான் நின்ற இடத்துக்கு, மரத்துக்கு அல்ல என்று இவள் விளக்கினாள்.

"வெளிச்சத்தத் தேடிப் போனது அத்தி மரம் இல்ல சார். நாமதான்."

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பழக்கத்த ஆரம்பிச்சு வச்சதே நான்தாம்மா" என்றார். வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, முனைவர் பட்ட இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இடம் கையில் கிடைக்கும்வரை வாயைக் கட்டியிருக்கக்கூடாதா என்று கேட்டேன்.

"கெடைச்சதுக்கு அப்புறம் எத ஆராய்ச்சி பண்றது? பாறையையா?" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

மாநாட்டுப் பேச்சை ரத்து செய்துவிட்டதாகப் பேராசிரியரிடமிருந்து தகவல் வந்தது. மறுபடியும் காட்டுக்குப் போகலாம், திறந்தவெளியில் நின்று கருவியில் பதிந்தபின் அங்கிருந்து மரம்வரை டேப்பால் தூரமும் திசைகாட்டியால் திசையும் அளந்துவிடலாம் என்றார். மாணவர்கள் தேர்வு விடுமுறையில் போயிருந்ததால் டேப் பிடிக்க ஆளில்லை. நான் கடையைச் சாத்தினேன். முட்புதருக்குள் புகுந்து, வேரில் தடுக்கி விழுந்து, அட்டைப்பூச்சிக்கு ரத்ததானம் செய்து ஒவ்வொரு மரமாக அளந்தோம். பேராசிரியரும் முழங்கால்வரை சேறாக நின்றார். இடத்தைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. கேட்கச் சொல்லி அவளுக்கு ஜாடை காட்டி அலுத்துப்போனேன்.

கடைசி மரம் முடிந்ததும் ஜீப்பின் முன்பக்கத்தில் மடிக்கணினியை வைத்துத் திருத்திய புள்ளிகளை ஏற்றினாள். திறந்தவெளிகள் காலியாகிவிட்டன. அத்திகளெல்லாம் இருட்டுக்குள் போய், கோணல்மாணலாக ஒரு கோட்டில் மலையேறிக்கொண்டிருந்தன. அங்கே ஓடையும் இல்லை, பாதையும் இல்லை.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"எனக்கு இது புரியலம்மா. அந்த இடம் உங்களுக்குத்தான். இது என்னன்னு கண்டுபிடிக்க நாலு வருஷம் தரலாம். வர்றீங்களா?"

சரி என்று சொல்லேன் என்று என் மனசு அடித்துக்கொண்டது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

"நாலு வருஷம் போதுமா சார்?"