சிவப்பு வயர் எந்த ஓட்டையில்

என் அக்கா மிக்ஸி, ஃபேன், அயர்ன் பாக்ஸ் எல்லாம் பழுது பார்ப்பவள். பக்கத்திலேயே என் பஞ்சர் கடை. நடுவில் ஒரு தகரத் தடுப்பு. இந்தப் பக்கம் நான் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தால், அந்தப் பக்கம் அவள் பேசுவது முழுக்கக் காதில் விழும். ஒட்டுக் கேட்கிறேன் என்று திட்டுவாள். காதைக் கழற்றியா வைக்க முடியும்?

அக்கா உட்காரும் கடை அத்தானுடையது. ஆறு வருடம் முன்பு கடல் தாண்டி ஒரு தொழிற்சாலைக்கு எலக்ட்ரீஷியனாகப் போனார். இரண்டே வருடம் என்றார். அது நாலாகி, ஆறாகிவிட்டது. போகும்போது கடைச் சாவியையும் கரண்ட் அளக்கும் மஞ்சள் மல்டிமீட்டரையும் அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போனார். கடையை மூட அவளுக்கு மனசு வரவில்லை.

தினமும் அவருடைய சாப்பாட்டு இடைவேளையில் போன் வரும். அந்த நேரத்துக்கென்றே அக்கா எதையாவது பிரித்துப் போட்டு, போனை ஸ்பீக்கரில் வைத்து உட்கார்ந்திருப்பாள். அவர் எடுத்த எடுப்பில் வேலைக்குள் போகமாட்டார். அவள் மீட்டரைக் கையில் எடுத்ததும் முதலில் மூன்று கேள்வி.

"சிவப்பு வயர் எந்த ஓட்டையில இருக்கு?"

"வோல்ட் ஓட்டையில."

"திருப்புற நாப் எங்க நிக்குது?"

"ஏசி எழுநூத்தம்பதுல."

"இடது கை?"

"முதுகுக்குப் பின்னால."

இரண்டு கையும் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும். அதனால் கறுப்பு வயரின் முனையைக் கிளிப்பால் மாட்டிவிட்டு ஒரே கையால் அளக்க வேண்டும் என்பது அவர் சட்டம்.

ஒரே வருடத்தில் அக்கா எல்லாம் கற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகும் ஒன்றுமே தெரியாதவள் மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தாள். ஃபியூஸ் சோதிப்பது எப்படி என்று மூன்று நாள் தொடர்ந்து கேட்டாள். அவரும் பொறுமையாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவள் குரல் கல்யாணமான புதிதில் இருந்த குரலாக இருக்கும்.

என் வாய் சும்மா இருந்ததா? போன மாதம் அத்தான் எனக்குப் போன் செய்து கடை எப்படி ஓடுகிறது என்று கேட்டார். அக்காவைப் பெருமையாகப் பேசுவதாக நினைத்து, "அக்கா உங்களையே தூக்கிச் சாப்பிட்டுரும் அத்தான். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுதான் சும்மா கேக்குது" என்று உளறிவிட்டேன்.

"அப்படியா. அப்ப நான் இல்லாட்டியும் கவலையில்ல மச்சான்" என்றார்.

அன்றிலிருந்து சாப்பிட்டாயா, சரி, வேலையைப் பார் என்பதோடு போன் முடிந்தது. அந்த மூன்று கேள்விகளும் நின்றன. மாதக் கடைசியில் இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போவதாகவும் சொல்லிவிட்டார். நான் உளறியது அவர் சொல்லித் தெரிந்து, அக்கா என் கடை வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலாம்.

அடுத்த வாரம் ஒரு மதியம் போன் ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. அக்கா எமர்ஜென்சி லைட்டுக்கு எவ்வளவு சார்ஜ் ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குச் சிவப்பு வயரை ஆம்பியர் ஓட்டைக்கு மாற்ற வேண்டும். நடுவில் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் சூடாகவில்லை. கரண்ட் வருகிறதா என்று பார்க்க அதே மீட்டரைப் பிளக் பாயிண்டில் வைத்தாள். நாப்பை மாற்றியிருந்தாள். வயரை மாற்றவில்லை. ஆம்பியர் ஓட்டையில் வயர் இருந்தால் மீட்டர் வெறும் கம்பிதான்; பிளக்கில் வைத்தால் ஷார்ட் ஆகிவிடும்.

டமார் என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் முனைகள் உருகியிருந்தன. அவள் வலது கை விரல்கள் கருகியிருந்தன. மீட்டருக்குள் அத்தான் சரியான ஃபியூஸ் போட்டு வைத்திருந்ததால் அதோடு போயிற்று. ஃபியூஸுக்குப் பதில் வெறும் கம்பியைச் சுற்றியிருந்தால் கையிலேயே வெடித்திருக்கும்.

கட்டுப் போட்டதும் அத்தானுக்குச் சொல்ல போனை எடுத்தேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லாதடா. பயந்து ஓடி வந்தா, பயம் போனதும் திரும்பிப் போயிடுவாரு."

மறுநாள் போன் வந்தது. இடது கையால் எடுத்துக் காதில் வைத்தாள். நான் காற்றடிப்பதை நிறுத்தினேன்.

"எனக்கு எல்லாம் தெரியும். அஞ்சு வருஷமா தெரியும். கடைக்கு ஆள் வேணாம். நீங்க வேணும். வாங்க."

பிறகு அவர் ஏதோ சொன்னார். அக்கா "ம்" கொட்டிக்கொண்டே இருந்தாள்.

போனை வைத்துவிட்டு வெளியே வந்தாள். கையெழுத்துப் போடப்போவதில்லையாம். வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வர வேண்டுமாம்.

"நாலு மாசமாம்" என்றாள், தெருவைப் பார்த்துக்கொண்டு.

ஆறு வருடம் தாங்கியவள், அந்த நாலு மாதத்தைத் தாங்கமாட்டாள் போலிருந்தது.