ஹஜ்ஜுக்கு முன் கேட்ட மன்னிப்பு

புத்தளத்திலும் கற்பிட்டியிலும் மருத்துவர்களுக்கு நான் பல ஆண்டுகள் சட்ட வகுப்பு எடுத்தேன். தவறு நேர்ந்தால் நோயாளியிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்கிறது அவர்களுடைய ஒழுக்கக்கோவை. அதை மீறியது மட்டுமே இழப்பீட்டுக்குப் போதாது. ஆனால் வழக்கு வந்தால் எதிர்த்தரப்பு முதலில் விரிப்பது அந்தக் கோவையைத்தான். ஆகவே என் அறிவுரை சுருக்கமானது: துக்கத்தைத் தெரிவியுங்கள், காரணத்தைத் தெரிவிக்காதீர்கள். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒருவர் அடிக்கோடும் இட்டார்.

சென்ற ஆண்டு அவருடைய கிளினிக்கில்தான் என் மனைவி இறந்தாள். பெனிசிலின் அவளுக்கு ஒவ்வாது என்று அவளுடைய அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருந்தது, எழுதுவித்தவன் நான். அவர் ஊசி போட்ட கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. ஜனாஸா வீட்டில் அந்த டொக்டர் என் கையைப் பிடித்து, "மிச்சம் கவல, சேர்" என்றார். அந்தத் துக்கத்துக்கு மேல் ஒரு சொல் இல்லை. சிறந்த மாணவர்.

நான் வழக்குப் போடவில்லை. அட்டையைப் பார்த்தாரா இல்லையா என்பதை அவர் வாயால் கேட்டால் போதும் என்றிருந்தேன்.

இவ்வருடம் அவர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். பயணத்துக்கு முன் வீடு வீடாகச் சென்று மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். அஸர் தொழுகைக்குப் பின் என் வீட்டுக்கும் வந்து, கதிரையின் விளிம்பில் அமர்ந்தார்.

"சேர், ஹஜ்ஜுக்குப் போறன். தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் பிழ செஞ்சிருந்தா மாப் செஞ்சிடுங்க."

நானே வரைந்திருந்தாலும் அந்த வாசகம் இவ்வளவு பாதுகாப்பாக அமைந்திராது.

"எந்தப் பிழைக்கு, டொக்டர்?"

"பொதுவாத்தான் சேர். எல்லா வீட்டிலயும் இப்பிடித்தானே கேக்கிற."

"இந்த வீட்டிலயும் பொதுவாத்தானா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு, "சேர், அண்டைக்கு அந்த அட்டய நான்..." என்று தொடங்கினார்.

அடுப்படியில் மகள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சாட்சி, காதுக்கெட்டும் தூரத்தில். என் கை தானாக உயர்ந்தது.

"ஆள் இருக்கிற இடத்தில அதக் கதைக்க வாணாம், டொக்டர்."

எத்தனையோ கட்சிக்காரர்களை இந்தச் சொல்லால் காப்பாற்றியிருக்கிறேன். சொல்லி முடித்த பிறகே யாரைக் காப்பாற்றினேன் என்பது விளங்கியது.

"ஓம், சேர்" என்று அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முகம் தெளிந்திருந்தது.

மாப் செய்தேன், பொதுவாக. மகள் தேநீர் கொண்டுவந்தாள். கோப்பை காலியாகும்வரை மக்காவின் வெயிலைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம்.