பதினோரு மடைக் குடியரசு

பறித்து ஒரு மணி நேரம்கூட ஆகாத வெற்றிலை குவிந்து கிடக்கும் கொட்டகைக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது காரம், அதன் பின்னாலேயே ஈர வாழை மட்டையின் வாசனை வரும், அப்புறம்தான் உள்ளே உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். வெளியே வெயில் மண்ணைப் பொரிக்கும்போது உள்ளே குளிர்ந்து கிடக்கும் அந்தக் கீற்றுக் கொட்டகையில்தான், இந்தத் தேசத்தை ஜனநாயகம் என்று அழைப்பதா குடியரசு என்று அழைப்பதா என்கிற சண்டையை நான் முதன்முதலில் கேட்டேன். நாற்பத்தொன்பதாம் வருடம், எனக்குப் பத்து வயது. டில்லியில் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து அரசியல் சட்டம் எழுதிக்கொண்டிருந்தார்கள். பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் நாங்கள் வெற்றிலை எண்ணிக்கொண்டிருந்தோம்.

வெற்றிலை எண்ணுவதில் கைக்குத்தான் வேலை, காதுக்கும் வாய்க்கும் கிடையாது. நூறு இலை சேர்ந்தால் ஒரு "கவுளி". அம்மாவைப் போலப் பழகியவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டே ஊர் வம்பு முழுவதும் பேசி முடித்தாலும் கவுளியில் ஓர் இலை கூடாது, குறையாது. சும்மா கிடக்கும் அந்தக் காதுகளை நம்பித்தான் சுப்பண்ண வாத்தியார் சாயங்காலம் பள்ளிக்கூடத்தைப் பூட்டியதும் முந்தின நாள் பேப்பரோடு வந்துவிடுவார். அவர் குடியரசுக் கட்சி. எதிர்க்கட்சி காதர் ராவுத்தர், எங்கள் இலைகளை வாங்கிச் சேலத்துக்கு அனுப்புகிற வியாபாரி, ஜனநாயகம் என்ற பேருக்காக உயிரைக் கொடுப்பவர். இருவரும் நெருங்கிய சிநேகிதர்கள் என்பதால் சண்டைக்குக் குறைவே இருக்காது.

"சீமையில ராசா இருக்காருங்க. ஆனா ஓட்டுப் போட்டவங்க சொல்றதுதான் அங்க நடக்குது. பேருக்கு ஒரு ராசா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? பத்துப் பேரு சேந்து சொன்னா நடக்கோணும், அதுதான் சனநாயகம்" என்பார் ராவுத்தர். "பொறப்புனால ஒருத்தன் மேல உக்காரப்படாதுங்க. எல்லாத்துக்கும் மேல எழுதி வெச்ச சட்டம் ஒண்ணு இருக்கோணும், அதுதான் குடியரசு" என்பார் வாத்தியார். "ராசாவைத் தொரத்திப்புட்டுத் துப்பாக்கிக்காரன் உக்காந்துக்கறான், அவனும் குடியரசுன்னுதானுங்க பலகை மாட்டறான்" என்று ராவுத்தர் மடக்குவார். எண்ணிய கவுளியை ஓரமாக வைத்துவிட்டு அம்மா கேட்பாள்: "ஏனுங்க, பொறந்து ரெண்டு வருசம் ஆவப்போவுது, கொழந்தைக்கு இன்னும் பேரே வெக்கலீங்களா?" கொட்டகையே சிரிக்கும். மறுநாள் சண்டை முதலிலிருந்து தொடங்கும்.

இதெல்லாம் வெறும் பேச்சாகவே போயிருக்கும், ராவுத்தர் ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால்.

காவிரியிலிருந்து பிரிந்து வரும் வாய்க்காலின் ஒரு கிளையில் பதினோரு கொடிக்கால்கள் இருந்தன. கொடிக்கால் என்றால் அகத்தி மரங்களை வரிசையாக வளர்த்து அவற்றில் வெற்றிலைக் கொடியை ஏற்றி விட்ட தோட்டம். கைக்குழந்தை மாதிரி, வேளைக்கு வேளை தண்ணீர் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மடை. எந்த மடை எப்போது திறக்கும், எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்று சொல்கிற அதிகாரத்துக்கு "மடை மணியம்" என்று பேர், அது முதல் மடைக்காரர் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாக வந்தது. அப்போது அதை வைத்திருந்த மணியமூட்டு மாமா கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பரங்கிக்காய் கொண்டுபோய்க் கொடுத்தவர்களின் முறை அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், கொடுக்காதவர்களின் முறை கொஞ்சம் மறந்துபோகும்.

"நாட்டுக்கு ராசா வேண்டாங்கறீங்க, வாய்க்காலுக்கு மட்டும் எதுக்குங்க பொறந்த ராசா?" என்று ராவுத்தர் விளையாட்டாகக் கேட்டார். அது பற்றிக்கொண்டது. கையைத் தூக்கச் சொன்னால் மணியமூட்டு மாமாவின் முகத்துக்கு எதிரே ஒருவரும் தூக்க மாட்டார்கள் என்று தெரிந்த வாத்தியார் ஒரு வழி கண்டுபிடித்தார். மடைக்கு ஒரு வெற்றிலை. சம்மதம் என்றால் முழு இலை, சம்மதமில்லை என்றால் காம்பைக் கிள்ளிய இலை. துண்டால் மூடிய கூடைக்குள் கையை விட்டுப் போட்டுவிட வேண்டும். மணியத்தை எடுத்துவிடுவதற்குப் பதினொன்றில் எட்டு முழு இலை விழுந்தது. அதில் ஒன்று அம்மாவுடையது என்பது, வீட்டில் அன்று செய்த பருப்புப் பாயசத்திலிருந்து எனக்குத் தெரிந்தது. மாமா கோபித்துக்கொள்ளவில்லை. "சரி சாமி, இனிமேலு விடியால நேரத்துல எந்திரிக்கற தொல்லை உட்டுது" என்று சொல்லிவிட்டுத் தானும் ஒரு கவுளியை எண்ண உட்கார்ந்தார்.

அப்புறம் பிடித்ததே ஒரு பைத்தியம். கொட்டகை நாய்க்கு மத்தியானச் சோறு யார் முறை, கூரை வேய்வது இந்த மாதமா அடுத்த மாதமா, எல்லாவற்றுக்கும் வெற்றிலை விழுந்தது. ராவுத்தருக்கு மடை இல்லாததால் ஓட்டும் இல்லை. "ஊரு ஒலகத்துக்கெல்லாம் வெத்தலை விக்கறவன் நானு, எனக்கு ஒரு வெத்தலை இல்லீங்களா?" என்று அவர் புலம்பியதற்கும் வெற்றிலை போட்டுப் பார்த்தார்கள், தோற்றுப் போனார்.

சித்திரையில் வாய்க்கால் மெலிந்தது.

எங்களுடையது பதினோராவது மடை, "கடைமடை". அம்மாவின் அப்பா தன் ஒரே மகளுக்கு எழுதி வைத்துவிட்டுப் போன கொடிக்கால் அது. என் அப்பாவுக்குச் சூரமங்கலத்தில் ரயில்வே ஆபீஸ் உத்தியோகம், மாதத்தில் இரண்டு தடவை வந்து போவார். வரும்போதெல்லாம் ஒரே பாட்டு: தண்ணீரைப் பார்த்துக் கண் பூத்துக் கிடந்தது போதும், வீட்டைப் பூட்டிக்கொண்டு சூரமங்கலம் வந்துவிடு. அந்தத் தடவை முடிவாகவே சொல்லிவிட்டார். இந்தக் கோடையில் கொடி காய்ந்தால் விற்றுவிட வேண்டியதுதான். அம்மா அவருடைய சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அன்று முதல் கொடிக்காலுக்குள் போனால் அவள் வெளியே வர நேரமாகும். தேடிக்கொண்டு போனால் ஒரு கொடியின் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

நானோ ரயிலை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தடவை அப்பாவுடன் போய்ப் பார்த்திருக்கிறேன். இஞ்சின் விட்ட புகையில் என் பாவாடையில் விழுந்த கரித்தூளைத் துவைக்க விடாமல் ஒரு வாரம் வைத்திருந்தேன். கொடி காய வேண்டும் என்று நான் சாமியிடம் வேண்டிக்கொள்ளவில்லை. காயக் கூடாது என்றும் வேண்டிக்கொள்ளவில்லை. அதை இப்போது எழுதுகையில்கூட வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்படியிருக்கும்போது பத்தாம் மடை நல்லப்பண்ணன் கொட்டகையில் எழுந்து நின்றார். கடைமடை வரைக்கும் தண்ணீர் போய்ச் சேருவதற்குள் பாதி மண்ணிலேயே செத்துவிடுகிறது, இந்தக் கோடைக்கு மட்டும் பதினோராவது மடையை நிறுத்திவிட்டால் மற்ற பத்துப் பேரும் பிழைத்துக்கொள்ளலாம் என்றார். "பாவாயிக்கு என்னுங்க, அவிங்க ஊட்டுக்காரரு ரயில்வே சம்பளம் வாங்கறாரு" என்றும் அம்மாவைக் காட்டிச் சேர்த்துக்கொண்டார். கூடை சுற்றி வந்தது. துண்டை எடுத்தபோது பத்து முழு இலை, காம்பு கிள்ளியது ஒன்றே ஒன்று. ரகசிய ஓட்டுதான், ஆனால் அந்த ஓர் இலை யாருடையது என்று நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கும்.

யாரும் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு ஒரு கணம் இஞ்சினின் கூவல் காதில் கேட்டது. அப்புறம் அம்மாவைப் பார்த்தேன். எத்தனை பேச்சுக்கு நடுவிலும் எண்ணிக்கை தப்பாத அம்மா, மடியில் இருந்த கவுளியை எண்ணத் தொடங்கி, நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். அதைப் பார்த்ததும் ரயில் எங்கோ போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது.

"பாத்தீங்களா ராவுத்தரே, இதுக்குத்தானுங்க குடியரசுங்கறது! எழுதி வெச்ச சட்டம் ஒண்ணு இருந்திருந்தா இப்பிடி ஆவுமா?" என்று வாத்தியார் தொடங்கினார். ராவுத்தர் தலையைச் சொறிந்தார். "என்ற வாயாலயே பத்துப் பேரு சொன்னாச் சரிதான்னு சொல்லிப்புட்டனே. ஆனா வாத்தியாரே, சட்டத்தை எழுதறவங்களும் இந்தப் பத்துப் பேருதானுங்களே?" என்றார். வீடு பற்றி எரியும்போது இவர்கள் இருவரும் வழக்கம்போலப் பேருக்குச் சண்டை பிடிக்கத் தயாராகிவிட்டார்கள்.

"செத்த இருங்க" என்றாள் அம்மா. எழுந்து நின்று சேலையில் ஒட்டியிருந்த நாரை உதறினாள். "முடிஞ்சது முடிஞ்சுதுங்க. நான் ஒண்ணுஞ் சொல்லலை. இப்ப எந்த மடை கடைமடை?"

"பத்தாவது" என்று நான்தான் சொன்னேன்.

"பத்தாவது. அதுக்குந் தண்ணி போய்ச் சேர நேரமாவுது, பாதி மண்ணுல சாவுது. நல்லப்பண்ணன் சொன்ன ஞாயந்தானுங்க. அந்த மொறையையும் நிறுத்திப்புட்டா ஒம்பது பேருக்கு இன்னுங் கொஞ்சம் கெடைக்கும். எனக்கு இனி வெத்தலை இல்லை, நீங்க பத்துப் பேரும் போடுங்க."

"அதெப்பிடியம்மிணி!" என்று நல்லப்பண்ணன் குதித்தார். "வெத்தலை போட்டா எல்லாத்துக்கும் ஒரே ஞாயந்தானுங்கண்ணா" என்று சொல்லிக் கூடையைத் தானே தூக்கிக்கொண்டு போய் ஒன்பதாம் மடைக்காரர் முன்னால் வைத்தாள். அவர் ஒரு முழு இலையை எடுத்தார். கை கூடைப் பக்கம் போனது. போன கை நின்றது. மனுசர் இடது பக்கம் திரும்பிப் பத்தாம் மடையைப் பார்த்தார், வலது பக்கம் திரும்பி எட்டாம் மடையைப் பார்த்தார், பத்தாவது போனால் அடுத்து யார் என்கிற கணக்கு அவர் முகத்தில் மெல்ல ஏறுவதைக் கொட்டகை முழுவதும் பார்த்தது. பிறகு அந்த இலையைத் தொடையில் துடைத்து, மடித்து, வாயில் போட்டு மென்றுவிட்டார்.

"சுண்ணாம்பு இருக்குதுங்களா?" என்று அவர் கேட்டதுதான் தாமதம், மணியமூட்டு மாமா வெடித்துச் சிரித்தார். எட்டாம் மடை தன் ஓட்டை வாயில் போட்டது. ஏழு, ஆறு என்று ஒவ்வொருவராகப் போட்டுக்கொண்டார்கள். பாக்கும் சுண்ணாம்பு டப்பாவும் கைமாறிப் போயின. கூடை காலியாகவே திரும்பி வந்தது. வாயெல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் பார்த்து ராவுத்தர், "ஓட்டுப் போடச் சொன்னா ஓட்டையே தின்னுப்புட்டீங்களே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நல்லப்பண்ணனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "எளுதுங்க வாத்தியாரே, மொதல்ல எளுதுங்க" என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

என்னுடைய நாலு கோட்டு நோட்டில்தான் வாத்தியார் எழுதினார். மடைக் காரியம் எதையும் வெற்றிலை போட்டு முடிவு செய்யலாம். ஆனால் பதினோரு மடைக்கும் முறை உண்டு, தண்ணீர் குறைந்தால் பதினோரு பேருக்கும் சமமாகக் குறைய வேண்டும், இதை எத்தனை வெற்றிலை விழுந்தாலும் மாற்றக் கூடாது. பதினோரு பேரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். அந்தக் கோடையில் எல்லாக் கொடிக்காலிலும் ஓரம் கொஞ்சம் கருகியது. எங்களுடையது பிழைத்தது. அப்பா அடுத்த தடவை வந்தபோது அம்மா அவர் முன்னால் தாம்பூலத் தட்டை வைத்து, "நம்ம கொடியிலதுங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் இரண்டு இலையாகச் சேர்த்துப் போட்டுக்கொண்டார். சூரமங்கலப் பேச்சு அதோடு நின்றது.

கார்த்திகையில் ஒருநாள் வாத்தியார் பேப்பரை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தார். தேசத்துக்குப் பேர் வைத்துவிட்டார்கள்: ஜனநாயகக் குடியரசு. இரண்டு சொல்லும் இருந்தன. தன் சொல் முதலில் இருப்பதால் தனக்குத்தான் வெற்றி என்றார் ராவுத்தர். முதலில் வருவது அடைமொழி, பேர் என்பது குடியரசுதான் என்றார் வாத்தியார். "ஒண்ணு மட்டும் பத்தாதுன்னு நமக்குச் சித்திரையிலயே தெரியுமல்லங்க" என்றாள் அம்மா, எண்ணுவதை நிறுத்தாமல்.

பிற்பாடு கல்யாணமாகி நான் வந்து சேர்ந்ததும் சூரமங்கலத்துக்குத்தான். ரயில் ஒரே மாதத்தில் அலுத்துப் போயிற்று. அம்மாவும், வாத்தியாரும், ராவுத்தரும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது சிமெண்டுக் கிடங்கு நிற்கிறது. ஆழ்துளைக் கிணறு போட்டவர்களுக்கு வாய்க்கால் முறை தேவைப்படவில்லை, போட முடியாதவர்கள் கூட்டம் கூட்டினால் வருவதற்கு ஆள் இல்லை. நோட்டில் எழுதிய விதியை யாரும் வெற்றிலை போட்டு மாற்றவில்லை. அதைக் கேட்பதற்குத்தான் ஆள் இல்லாமல் போயிற்று.

போன கோடையில் பேத்தியோடு அந்தப் பக்கம் போயிருந்தேன். எங்கள் கொடிக்கால் இருந்த நிலம் தரிசு. பத்தாவது, ஒன்பதாவது, எட்டாவது எல்லாம் வேலிமுள். வாய்க்கால் கரையோடே நடந்து ஆறாம் மடைக்கு வந்த பிறகுதான் ஈரம் தெரிந்தது. அங்கே கரையில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் எழுந்து நின்று, "வாங்க அம்மா, ஆரைத் தேடறீங்க?" என்று கேட்டான். எந்தக் குடும்பம் என்று விசாரித்துவிட்டு, "இப்ப நீங்கதான் கடைமடையா சாமி?" என்றேன்.

"ஆமாங்க அம்மா," என்றான் அவன். "போன வருசம் வரைக்கும் ஏழாவதுங்க."