எலியக்காவின் மாப்பிள்ளைகள்

கதவை லேசாகத் தட்டிவிட்டுத்தான் ஆய்வகத்தின் எலிக்கூடத்துக்குள் நுழைகிறார் எலியக்கா. "தூங்குறவங்கள திடுக்குன்னு எழுப்பக் கூடாதுல்ல?" கூண்டு கூண்டாக மரத்தூளை மாற்றி, தண்ணீர்ப் புட்டியை ஆட்டிப் பார்த்து, ஒவ்வொரு எலியாகத் தூக்கித் தராசில் வைக்கிறார். ஆண் எலிகளெல்லாம் அவருக்கு மாப்பிள்ளைகள். சினை எலிகள், "வாயும் வயிறுமா இருக்கிறவங்க". அவற்றுக்கு மட்டும் கூடு கட்டக் காகிதம் ஒரு கை கூடுதல்.

அதே ஆய்வகத்தின் மேல்மாடியில் எனக்குக் கணக்கு வேலை. அவர் பேச்சைக் கேட்கவே டீ நேரத்தில் கீழே இறங்குவேன்.

இந்த வருடம் வந்தது ஒரு பூஞ்சைக்கொல்லி ஆய்வு. திராட்சைத் தோட்டங்களில் தெளிக்கிற மருந்து. அதைச் சில ஆண் எலிகளின் தீனியில் மட்டும் கலந்தார்கள். பெண் எலிகளுக்கெல்லாம் சுத்தமான தீனி. மருந்து தின்ற மாப்பிள்ளைகள் மற்றவை தின்கிற அளவே தின்றும் ஊதிப்போயின. ஜோடி சேர்த்து விட்டால் மூலையில் சுருண்டு படுத்தன. "பொண்ணு பாக்க வந்த இடத்துல தூங்குற மாப்பிள்ளைய எங்கயாவது பாத்திருக்கீங்களா?" என்று சிரித்தார். அவற்றின் ஆண் ஹார்மோன் குறைந்துவிட்டதாக ஆய்வாளர் சொன்னார். பிறகு அவற்றோடு சேர்ந்த பெண் எலிகள் ஈன்றபோது, வழக்கமாகப் பத்து இருக்கிற கூண்டில் இரண்டு மூன்று குட்டிகளுக்கு மேல் இல்லை. அன்றோடு சிரிப்பு நின்றது.

எலியக்காவின் தம்பி திராட்சைத் தோட்டத்தில் மருந்து தெளிப்பவன். கல்யாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளை இல்லை. ஊசி, மாத்திரை, ஏச்சு எல்லாம் தம்பி மனைவிக்கே. அதிகம் ஏசியது எலியக்காவின் அம்மா.

எலியக்கா கேட்டபோது, எலியை வைத்து மனிதனைச் சொல்லிவிட முடியாது, ஆனால் சோதித்துப் பார்ப்பதில் தப்பில்லை என்றார் ஆய்வாளர். ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது எலியக்கா வாயைத் திறந்தார்.

"அம்மா, எங்க எலிங்கள்ல மருந்து தின்னது ஆணுங்க. குட்டி குறைஞ்சது பொண்ணுங்களுக்கு. இவனுக்கும் அதே கதைதான்னு நான் சொல்லல. முதல்ல இவன சோதிக்கட்டும். அப்புறம் அவளப் பேசு."

தம்பி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். அம்மா இன்றுவரை எலியக்காவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சில வாரம் கழித்துத் தம்பியே கூப்பிட்டு, துணைக்கு வரச்சொன்னான்.

சோதனையில் உயிரணுக்கள் குறைவு என்று வந்தது. காரணம் மருந்துதான் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. தெளிப்பு வேலையை நிறுத்திவிட்டுச் சில மாதம் கழித்து வரச்சொன்னார். இப்போது அவன் அதே தோட்டத்தில் பழம் அடுக்குகிறான்.

நேற்று மறுசோதனை. எங்கள் ஆய்வக வாசலில் கணவனும் மனைவியும், ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப எலியக்காவுக்காகக் காத்திருந்தார்கள். இத்தனை வருட ஸ்கேனும் மருந்துச் சீட்டும் திணித்த கனத்த பை அவள் தோளில் தொங்கியது. எலியக்கா கிட்டே போனார். பையைக் கழற்றி, தம்பியின் தோளில் மாட்டினார்.