கைக்கு அளந்த கத்தி

அக்காவின் சமையல்கட்டில் இருந்த கத்திக்கு எருமைக் கொம்பில் பிடி. நான் எடுத்துப் பிடித்தால் அது கையில் சரியாக உட்காராது. சின்ன வயதில் ரப்பர் பால் வாளி விழுந்து அக்காவின் வலது சுண்டுவிரல் மடங்கிப்போயிருந்தது. அந்த விரலுக்கென்று பிடியின் அடியில் ஒரு பள்ளம் இருக்கும். அதைச் செய்தவர் அக்காவின் கணவர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். பெற்றோர் போன பிறகு, சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில் அவர்கள் இருவரோடும்தான் நான் இருந்தேன்.

மாமா தோட்டத்து லோரி ஓட்டுநர். கத்தி செய்வது அவருக்குப் பிழைப்பல்ல, ஆசை. ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற ஆண்கள் கள்ளுக்கடைப் பக்கம் போக, இவர் உடைந்த லோரி ஸ்பிரிங் பட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால் கரி அடுப்பு மூட்டிவிடுவார். யாருக்குக் கத்தியோ அவர் கையில் ஈரக் களிமண் உருண்டை ஒன்றைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்வார். விரல்கள் பதிந்த மண்ணைக் காயவைத்து, பார்த்துப் பார்த்து அந்த அச்சுக்கே பிடியை அரத்தால் தேய்ப்பார். ஒன்று முடிய மாதக்கணக்காகும். யாருக்கும் விற்றதில்லை. "லோரி எல்லாருக்கும் ஓடுது. இது ஒருத்தர் கைக்குத்தான் ஓடும்" என்பார்.

ஜப்பான்காரர்கள் வந்ததும் வெள்ளைக்காரத் துரை இரவோடிரவாகப் போய்விட்டார். அரிசி நின்றது, மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. பிறகு சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். போனவர்களைப் பற்றி எந்தச் சேதியும் வரவில்லை. லோரி ஓட்ட ஆள் வேண்டுமென்று மாமாவை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அக்கா காலையில் அடுப்படியில் நின்றபடி லோரிச் சத்தத்துக்குக் காது கொடுத்திருப்பாள். எஞ்சின் பிடித்துக்கொண்ட பிறகுதான் அவள் முகம் தெளியும்.

ஒருநாள் லயத்தைச் சோதனை போட வந்த ஜப்பான் அதிகாரி எங்கள் வாசலில் நின்றான். அக்கா கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை குனியவில்லை என்பதற்காக ஆட்களை அறைந்து கீழே தள்ளுகிறவன் அவன். அக்கா எழுந்து குனிந்தாள். கத்தியை அவனே அவள் கையிலிருந்து வாங்கி, விரலால் கூர் பார்த்து, பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். யார் செய்தது என்று அரைகுறை மலாயில் கேட்டான். பக்கத்தில் நின்ற கிராணி, தோட்டத்துக் கணக்கு எழுதுகிறவர், மாமாவைக் காட்டினார். வேறு என்ன செய்வார் அவர்? அதிகாரி தன் நெஞ்சைத் தொட்டு, "புவாட் சத்து" என்றான். தனக்கும் ஒன்று செய் என்று அர்த்தம். மாமா களிமண்ணை நீட்டியதும் சின்னப் பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டே இறுக்கிப் பிடித்தான்.

அந்த மண் எங்கள் வீட்டு அடுப்புத் திண்டில் காய்ந்தது. மனிதர்களை அறையும் கை எங்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பதுபோல இருந்தது. அக்கா அதன்மேல் சட்டியைக் கவிழ்த்து மூடிவிட்டாள்.

"கோணலா செஞ்சு குடுத்துடுங்க. புடிக்கலன்னா நம்மள மறந்துருவான்" என்றாள் மாமாவிடம்.

"கோணலா இருந்தா வேணும்னே செஞ்சேன்னு அடிப்பான் புள்ள."

"நல்லா இருந்தா?"

மாமா சட்டியை நிமிர்த்தி அந்த மண்ணை எடுத்தார். "அதுதான் எனக்கும் தெரியல" என்றார்.

அவர் முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு நாள் வேண்டுமென்றே அலகின் ஒரு பக்கத்தை அதிகமாகத் தேய்த்தார். மறுநாள் வேலை முடிந்து வந்து அந்தக் குறையைச் சரிசெய்தார். "அரத்த எடுத்துட்டா கை எம் பேச்சக் கேக்க மாட்டேங்குது" என்றார். பழுத்த இரும்பைத் தோய்க்க எண்ணெய் வேண்டும். வீட்டில் எஞ்சியிருந்த தேங்காயெண்ணெயை அக்கா கொண்டுவந்து வைத்தாள். அலகு எண்ணெயில் இறங்கிச் சீறியதும் மாமாவின் முகம் மலர்ந்தது. நாங்கள் பார்க்கிறோம் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதிகாரிக்குக் கத்தி அவ்வளவு பிடித்திருந்தது. மாமாவின் தோளைத் தட்டி அரை மூட்டை அரிசி அனுப்பிவைத்தான். அன்றைக்கு நாங்கள் சோறு சாப்பிட்டோம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அக்கா சிரித்தாள். இனி நம்மைத் தொடமாட்டான் என்றாள்.

அந்த அரிசி தீரும் முன்பே லோரி நிறைய சிப்பாய்களோடு அவன் வந்தான். இடுப்பில் அந்தக் கத்தி இருந்தது. மாமாவின் கையைப் பிடித்துத் தூக்கி எல்லோருக்கும் காட்டி, "தாங்கான் பாகுஸ்" என்றான். நல்ல கை. கிராணி தரையைப் பார்த்தபடி சொன்னார்: "சயாம் ரயில் பட்டறைக்கு இரும்பு வேலை தெரிஞ்ச ஆளு வேணுமாம்பா. ஒனக்கு நல்லது செய்யறதா நெனைக்கிறான்."

"ஐயா, இது எனக்கு வேல இல்லீங்க. சும்மா ஆசைக்குச் செய்யறது. நான் லோரி ஓட்டுறவன்னு சொல்லுங்க ஐயா."

கிராணி சொன்னார். அதிகாரி சிரித்தான். மறுபடியும் தோளைத் தட்டினான். அவனிடம் கோபம் இல்லை. அவன் கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்போம். சிரிக்கிறவனிடம் என்ன கேட்பது? மாமாவைச் சட்டை மாற்றிக்கொள்ளக்கூட விடவில்லை. லோரி திரும்பும்போது அக்கா அதன் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடினாள். "விட்டுரு புள்ள, விழுந்துருவ" என்றார் மாமா. அவர் எங்களிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

இப்போது நான் பாக்கார் ஆராங்கில் மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கே வரிசையாகக் கத்திகள், எல்லாம் கடையில் வாங்கியவை, எந்தக் கைக்கும் பொது. மாமா கோணலாகவே செய்திருந்தால் தப்பியிருப்பாரா என்று இத்தனை காலமும் யோசித்துவிட்டேன். அடுத்த லோரியில் ஏற்றியிருப்பார்கள் என்று சில நாள் தோன்றும். சில நாள் அப்படித் தோன்றாது.

ஜப்பான்காரர்கள் போன பிறகு, சயாமிலிருந்து திரும்பிய பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் கோலூன்றி எங்களைத் தேடி வந்தார். மாமாவை வாந்திபேதி கொண்டுபோய்விட்டது என்றார். "தண்ணி கேட்டாரு தங்கச்சி. நல்ல தண்ணி ஒரு மொடக்குகூட அங்க இல்ல. பக்கத்துல ஒக்காந்திருந்தேன், என்னால அவ்வளவுதான் முடிஞ்சது." பிறகு சாரத்தை முழங்கால்வரை தூக்கினார். கெண்டைக்கால் சதை குழிந்து, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது.

"புண்ணு அழுகி, காலையே எடுக்கணும்னாங்க. ஒங்க வீட்டுக்காரருதான் பட்டறையில இரும்புத் துண்டத் தேச்சு, புண்ணுக்கு மருந்து கட்டுற டிரெஸ்ஸர் கைக்குத் தக்க ஒரு சின்னக் கத்தி செஞ்சு குடுத்தாரு. அதாலதான் அழுகுன சதைய அறுத்தெடுத்தாங்க. என்னப்போல பல பேரு அதாலதான் நடக்குறோம்."

அக்கா அதுவரை அழவில்லை. அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "அண்ணே, தொட்டுப் பாக்கட்டுமா?" என்றாள். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு காலை நீட்டினார். மடங்கிய விரலோடு அவள் கை அந்தத் தழும்பின் ஓரமாகவே மெல்லப் போயிற்று.

"ரொம்ப வலிச்சுதாண்ணே?"

"இல்ல தங்கச்சி" என்றார் அவர். "கத்தி வச்சதே தெரியல."